ஓடைப் பக்கத்து மரம்

புயல் வந்து சேர இன்னும் ஐந்து மணி நேரம் என்று வானொலியில் சொன்னார்கள். அப்போது மணி மூன்றே முக்கால். ஹில்லா வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றே முக்கால்தான். ஆனால் நவம்பர். வடக்குக் கோடியில் இருக்கும் எங்கள் கைனுப் பக்கம் அந்த நேரத்துக்கே வெளிச்சம் வடிந்துவிடும். பனியாவது விழுந்திருந்தால் தரையில் கொஞ்சம் வெளுப்பு இருக்கும். அந்த வருடம் பனியும் இல்லை. வானம் கறுப்பு, சாலை கறுப்பு, நடுவில் காரின் இரண்டு விளக்குகள்.

இது என் தோழி ரீக்காவின் அக்கா ஹில்லாவுக்கு நடந்தது. ரீக்கா எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னாள். மறுபடி கேட்டபோது எழுந்து போய்விட்டாள்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அடுப்புக் கதவு திறந்தே இருக்கட்டும். அந்த வெளிச்சம் போதும்.

ஹோங்காவாராக் காட்டுக்குப் போகும் சாலை, மர லாரிகளுக்காகப் போட்ட சரளைச் சாலை. பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. ஹில்லா ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்திருந்தாள். காற்று இன்னும் வரவில்லை. சரளைக்கல் தகரத்தில் தெறிக்கும் சத்தம் மட்டும். பின் இருக்கையில் கார் இழுக்கும் கயிறு ஒன்று, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு நெற்றி விளக்கு.

அவள் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். எதையும் இரண்டு முறை சோதித்துப் பார்த்துத்தான் நம்புவாள். அப்படிப்பட்டவள் இருட்டில், புயலுக்கு முன்னால், ஒரு மரத்தைக் கட்டிப்போடப் போய்க்கொண்டிருந்தாள்.

அது யார் மரம் என்று சொல்ல வேண்டும்.

அவள் கணவன் யூசோ, வெட்டிய மரங்களை அள்ளிச் சாலையோரம் அடுக்கும் வண்டி ஓட்டுகிறான். முப்பத்தொரு வயது. இரண்டு வருடம் முன்பு ஒரு குழுவில் புதிதாகச் சேர்ந்தான். குழு என்றால் மூன்றே பேர். மரம் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டுவது எஸ்கோ. அறுபதைத் தாண்டியவர். இயந்திரம் இறங்க முடியாத ஓடைக்கரை, சதுப்பு ஓரம் எல்லாம் ரைமோவுக்கு. அவன் கையில் ரம்பம், இடுப்பில் சின்னக் கோடாலி. எந்த மரத்தைத் தொட்டாலும் முதலில் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பான். இரண்டு தட்டு... கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தட்டு. உள்ளே உளுத்திருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்பான். நல்ல மரத்தையும் தட்டுவான். கை பழகிவிட்டது.

அவர்கள் மூவரும் சேர்ந்து வெட்டிய முதல் காடு ஹோங்காவாரா. முழுதாக மொட்டையடிக்கக் கூடாது என்பது விதி. பறவைக்கும் வண்டுக்கும் என்று சில மரங்களை ஒரு கொத்தாக விட்டுவிட வேண்டும். ஓடை ஓரத்தில் பதினொரு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களை விட்டார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காட்டு வேலைக்குப் புதிதாக ஒருவன் வந்தால் அவன் பேரில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து நடுக்கிளைகளைக் கழித்துவிடுவார்கள். உச்சியில் மட்டும் ஒரு கொண்டை நிற்கும். அதற்கப்புறம் அது அவனுடைய மரம். புதியவன் எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும். மரம் நன்றாக நின்றால் அவனும் நன்றாக இருப்பான். மரத்துக்கு ஏதாவது ஆனால்... அதைப் பற்றிக் குடிக்கிறபோது யாரும் பேசுவதில்லை.

பழைய ஆட்கள் அடர்ந்த காட்டுக்குள் இருக்கும் மரத்தில்தான் இதைச் செய்வார்கள். எஸ்கோ விதிப்படி விட்ட கொத்தில் செய்தார். "இதைத்தான் எவனும் வெட்ட முடியாது. சட்டமே காவல்" என்றார். யூசோவுக்கு மட்டும் செய்தால் நன்றாக இராது என்று தனக்கொன்று, ரைமோவுக்கொன்று. நீண்ட கழியில் கட்டிய ரம்பத்தால் மூன்று மரங்களுக்கும் அவரே கிளை கழித்தார்.

மூன்று பேரும் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூன்று பேருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. காட்டுக்குள் வளர்ந்த மரம் தனியாக நிற்கப் பழகியதே இல்லை. சுற்றி நிற்கும் மரங்கள் காற்றை வாங்கிக்கொள்ளும். அது வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே போகும், ஒல்லியாக. ஸ்ப்ரூஸின் வேர் ஆழமாக இறங்காது. பாசிக்கு அடியில் தட்டு மாதிரி பரவிக் கிடக்கும். முன்பெல்லாம் நவம்பரில் மண் உறைந்து அந்தத் தட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். இப்போது மண் உறைவதற்கு முன்பே புயல் வந்துவிடுகிறது. சுற்றியிருந்த காட்டை வெட்டிவிட்டால் முதல் சில வருடங்கள்தான் ஆபத்து. சட்டம் ரம்பத்தைத் தடுக்கும்... காற்றை யார் தடுப்பது?

முதல் இலையுதிர் காலத்தில் ஆறு மரங்கள் போயின. அவற்றில் ஒன்று கிளை கழித்த மரம். அது ரைமோவுடையது என்று எஸ்கோ சொன்னார். அன்று மாலை ரைமோ ஏரியில் வலை எடுக்கப் போயிருந்தான். படகு மறுநாள் கிடைத்தது. அவன் மூன்றாம் நாள், தன் வலைக்குள்ளேயே.

அடுத்த வசந்தத்தில் இன்னும் மூன்று விழுந்தன. அவை சாதாரண மரங்கள். மிச்சம் இரண்டு. இரண்டும் கிளை கழித்தவை. ஒன்று எஸ்கோவுடையது, ஒன்று யூசோவுடையது.

அன்று இரண்டு மணிக்கு ஹில்லா யூசோவிடம் தொலைபேசியில் பேசியிருந்தாள். அவன் கிழக்கே எல்லைப் பக்கம் ஒரு முகாமில் வேலையாக இருந்தான்.

"எத்தனை மணிக்குக் கிளம்பறே?"

"ஆறு மணிக்கு. ஏன், சூப் ஆறிடுமா?"

"இன்னிக்கு அங்கேயே தங்கிடேன். காத்து பலமா இருக்குமாம்."

"இங்கேயா? கூடத் தங்கற பென்ட்டி விடற குறட்டையில கூரையே ஒரு அடி தூக்குது. அதுக்குக் காத்தே தேவலை."

"யூசோ, உன் மரம் எது?"

"எந்த மரம்?"

"தெரியாத மாதிரி நடிக்காதே."

அவன் சிரித்தான். "ரத்தம் எடுக்கிற கை இப்ப மரத்துக்கும் ஊசி போடக் கிளம்பிடுச்சா?"

"எதுன்னு சொல்லு."

"எனக்கு எங்கே தெரியும் ஹில்லா? அன்னிக்கு நான் குடிச்ச குடிக்கு என் பூட்ஸ் எதுன்னே தெரியல. கிழவனைக் கேளு. அவர்தானே கழிச்சார்."

அவள் எஸ்கோவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.  

"ஃபோன்ல வேண்டாம்" என்றார். "என்கிட்ட இரும்பு வடம் இருக்கு. அதை இழுத்து இறுக்கக் கை வின்ச் இருக்கு. ஏணியும் எடுத்துட்டு வர்றேன். எனக்குத் தோள் மேலே தூக்க வராது. நீ ஏறுவியா?"

"ஏறுவேன்."

"அப்ப வா."

சாலை முடியும் இடத்தில் எஸ்கோவின் வேன் நின்றிருந்தது. அவர் கதவைத் திறந்துபோட்டு, காலை வெளியே தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினார்.

"குடி பொண்ணே. மரம் ஓடிப் போயிடாது."

"அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றாள் ஹில்லா.

அவர் சிரித்தார். சிரித்த வாய் மூடவே கொஞ்ச நேரம் ஆனது.

வெட்டிய நிலத்தில் நடப்பது சுலபம் இல்லை. அடிக்கட்டைகள், இயந்திரம் உழுத பள்ளங்கள், பள்ளத்தில் தண்ணீர், காய்ந்த கிளைகள். ஏணியின் முன்பக்கத்தை அவள் பிடித்திருந்தாள், பின்பக்கத்தை அவர். வடத்தையும் வின்ச்சையும் அவர் முதுகில் போட்டிருந்தார். கார்க் கயிறு அவள் தோளில். ஓடைச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் ஒரு சுவர் வந்தது.

மண் சுவர். இரண்டு ஆள் உயரம். அதிலிருந்து விரல் விரலாக வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ரைமோவின் மரம். விழும்போது வேர்த்தட்டு மொத்தமாகப் பெயர்ந்து செங்குத்தாக எழுந்து நின்றுவிட்டது. அது கிடந்த இடம் குழியாகி, குழியில் கறுப்புத் தண்ணீர்.

அதற்குப் பத்தடி தள்ளி ஒரு மரம். இன்னும் இருபதடி தள்ளி, ஓடைப் பக்கம், இன்னொன்று. இரண்டும் ஒரே உயரம். இரண்டுக்கும் நடு உடம்பு மொட்டை, உச்சியில் கொண்டை. எந்த அடையாளமும் கிடையாது.

"எது எஸ்கோ?"

அவர் விளக்கைத் திருப்பினார். குழிப் பக்கத்து மரத்தில் வெளிச்சம் ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது.

"ஓடைப் பக்கத்து மரம். அதான் யூசோவோடது."

"நிச்சயமா?"

"கழிச்சவன் நான்."

"அப்ப இது உங்களோடது" என்று அவள் குழிப் பக்கத்து மரத்தைக் காட்டினாள். "இதுக்கு என்ன பண்றது? வடம் ஒண்ணுதானே இருக்கு."

"அதை விடு. எனக்கு அறுபத்திரண்டு. பொண்டாட்டி இல்லை, நாய்கூட இல்லை. காத்துக்கு ஏதாவது கொடுக்கணும்னா கிழட்டைக் கொடுக்கலாம்."

"அப்படிப் பேசாதீங்க."

"ஏணியைப் பிடிக்கிறேன், ஏறு. பேச்சுக்கு நேரமில்லை."

அவள் ஏறினாள். ஏணி சில்லென்று உள்ளங்கையில் ஒட்டியது. மேலே போகப் போகப் பிசின் வாசனை. கிளை கழித்த காயங்களில் பிசின் வழிந்து கட்டிகட்டியாக உறைந்திருந்தது. வடத்தைத் தண்டில் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். அந்த உயரத்தில் மரம் மெல்ல... மிக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கீழே காற்றே இல்லை. மேலே வந்துவிட்டது.

இறங்கியதும் கார்க் கயிற்றைத் தோளிலிருந்து கழற்றி ஏணியருகே பாசியில் போட்டாள். காற்று வரும் பக்கத்தில் தடித்த அடிக்கட்டை ஒன்று. அதில் வின்ச்சைக் கட்டி, கைப்பிடியைத் தள்ளத் தொடங்கினாள். கிடக்... கிடக்... கிடக். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு பல் ஏறும். தளர்ந்து கிடந்த வடம் பாசியைவிட்டு எழுந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது.

ஏரித் தண்ணீர். மீன் செதில். நனைந்த கம்பளி. எஸ்கோவின் கையுறையாக இருக்கும் என்று நினைத்தாள். மீன் பிடிக்கிற ஆள்தானே... ஆனால் எஸ்கோ நின்றது எதிர்ப்பக்கம். வாசனை வந்தது குழிப் பக்கமிருந்து.

கிடக். கிடக்.

டொக். டொக்.

நிறுத்தினாள்.

...டொக்.

"எஸ்கோ?"

"கிளை எங்கேயாவது இடிக்கும்."

"எந்தக் கிளை? நடுவிலே ஒண்ணுகூட இல்லையே."

 அவள் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தாள். ஓடைச் சத்தம். தொலைவில் காட்டின் விளிம்பில் பெருமழை மாதிரி ஒரு இரைச்சல். மழை இல்லை. காற்று நடந்து வருகிறது. தட்டும் சத்தம் இல்லவே இல்லை. மறுபடி தள்ளினாள். கிடக்.

டொக். டொக்... டொக்.

குழிப் பக்கத்து மரத்திலிருந்து. மனிதன் கை எட்டும் உயரத்திலிருந்து.

அவள் தள்ளினால் தட்டுகிறது. நிறுத்தினால் நிற்கிறது. சோதிக்கிற பழக்கம் விடுமா? மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் அப்படியே. நான்காம் முறை செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

"எஸ்கோ... அது ரைமோ தட்டற மாதிரியே இருக்கு."

எஸ்கோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய நெற்றி விளக்கு தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. 

"தட்டட்டும்" என்றார். "என்னைத்தான் கூப்பிடறான். ரெண்டு வருஷமா கூப்பிடறான். நீ உன் வேலையைப் பாரு."

ஹில்லாவுக்கு அழுகை வந்தது. இவ்வளவு தெரிந்தும் தன் மரத்தை விட்டுவிட்டு யூசோவுக்காக வந்து நிற்கிறாரே என்று. பல்லைக் கடித்துக்கொண்டு வின்ச்சைத் தள்ளினாள். தட்டும் சத்தம் வேகமானது. டொக்டொக், டொக். டொக்டொக், டொக். கேட்காத மாதிரி தள்ளினாள். காதை மூட மூன்றாவது கை இல்லையே!

அப்போது காற்று வந்தது. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக.

முதலில் முகத்தில் ஒரு அறை. பிறகு நிற்கவே விடவில்லை. ஏணி சரிந்து எங்கேயோ உருண்டது. வடம் விண்ணென்று இழுபட்டு முனக ஆரம்பித்தது. அந்த முனகல் ஏறிக்கொண்டே போனது.

"ஒரு வடம் தாங்காது!" என்று எஸ்கோ கத்தினார். "உன் கயிறு எங்கே? அதையும் போடு!"

அவள் ஏணி நின்றிருந்த இடத்தில் தேடினாள். பாசி. சுள்ளி. கயிறு இல்லை. அங்கேதான் போட்டாள்... நன்றாக நினைவிருக்கிறது. குனிந்து கையால் துழாவினாள். இல்லை. நிமிர்ந்தபோது விளக்கு வெளிச்சம் குழிப் பக்கத்து மரத்தில் பட்டது.

கயிறு அங்கே இருந்தது.

தண்டைச் சுற்றி இரண்டு சுற்று. மறுமுனை காற்று வரும் பக்கத்து அடிக்கட்டையில். இறுக்கமாக, ஒழுங்காக, வேலை தெரிந்தவன் கட்டின கட்டு.

அவள் கிட்டே போனாள். போகாமல் இருந்திருக்கலாம். கயிற்றின் முறுக்கு முழுதும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்யவில்லை. தொட்டாள். ஏரியின் அடித் தண்ணீர் மாதிரி எலும்பு வரை ஏறும் குளிர். முடிச்சு வலைக்காரர்கள் போடும் முடிச்சு. அதன் இடுக்கில் ஒரு செதில், நகம் அளவு, விளக்கில் மின்னியது. மரப்பட்டையில் கை எட்டும் உயரத்தில் பொட்டுப் பொட்டாகப் புது அடிகள். வெள்ளை மரம் தெரிந்தது.

அப்போது அவள் காலுக்குக் கீழே நிலம் எழுந்தது.

 பாசி இரண்டு விரல் உயரம் எழுந்து... தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. தூங்குகிறவன் மார்பு மாதிரி. மரம் மேலே சாயும்போதெல்லாம் கீழே வேர்த்தட்டு தூக்குகிறது, அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? அந்த மூச்சின்மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

எஸ்கோ வந்து அவள் தோளைப் பிடித்தார். கயிற்றைப் பார்த்தார். 

"அவுத்துடு" என்றார்.

"எஸ்கோ, இதை அவன்தான்..."

"அவுத்துடு! நம்ம மரத்துல கட்டு!"

அவளுக்கு ஒன்று உறுத்தியது. அந்த இரைச்சலிலும் உறுத்தியது. அவர் காதருகே வாயை வைத்துக் கேட்டாள்.

"உங்களைக் கூப்பிட வந்தவன் உங்க மரத்தை எதுக்குக் கட்டணும்? விழாம இருக்கத்தானே கட்டுவாங்க?"

எஸ்கோ அவளைப் பார்த்தார். ஒரு நொடி. இரண்டு நொடி.

"கட்டி இழுக்கத்தான்" என்றார்.

அது போதுமாக இருந்தது. ரைமோ என்றால் ஏரி, வலை, இழுத்துக்கொண்டு போவது. அவள் இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்தாள். இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்தாள். வாயில் ஏரித் தண்ணீர், மண்ணும் துருவுமாக ஒரு ருசி. அவள் இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் யாரோ இழுப்பது மாதிரி இருந்தது. வன்மமாக இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிறவன் இழுப்பது மாதிரி... பொறுமையாக. அவள் மணிக்கட்டில் ஒரு ஈரக் குளிர் சுற்றிக்கொண்டது. ஐந்து விரல் கனம்.

"விடு ரைமோ!" என்று அழுதாள். "எனக்கு யூசோ வேணும். அவனை விட்டுடு!"

மணிக்கட்டிலிருந்த குளிர் அப்படியே நின்றது. பிறகு விட்டது.

முடிச்சு அவிழ்ந்தது.

அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். விழுந்து எழுந்து ஓடினாள். ஓடைப் பக்கத்து மரத்தில் கட்டினாள். எஸ்கோ இடக்கையால் அடிக்கட்டையில் சுற்றி இறுக்கினார். இருவரும் கயிற்றின் மேலேயே உடம்பைப் போட்டுக் கிடந்தார்கள்.

டொக்... டொக்.

இப்போது மெதுவாகத் தட்டியது. கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றவன், இனி யாரும் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், கடைசியாக ஒரு தரம் தட்டுவது மாதிரி.

...டொக்.

அதன் பிறகு வேர் அறும் சத்தம். மண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தது. டப். டப். துப்பாக்கியைத் துணியால் மூடிச் சுட்டது மாதிரி. குழிப் பக்கத்து மரம் சாய்ந்தது. திரும்ப நிமிரவில்லை. அதன் அடியில் பாசி கிழிந்து, ஒரு பக்கம் முழுதாக எழுந்து, எழுந்து, எழுந்து... இன்னொரு மண் சுவர். மரம் விழுந்த அதிர்ச்சி ஹில்லாவின் பல்லில் வந்து நின்றது.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. வாசனையும் போய்விட்டது. புது மண்ணும் பச்சைப் பிசினும் மட்டும்.

ஓடைப் பக்கத்து மரம் நின்றது. வடம் முனகிக்கொண்டே இருந்தது, ஆனால் நின்றது. காற்று இன்னும் வெகுநேரம் அடித்தது. அவர்கள் கயிற்றைவிட்டு அசையவில்லை. கடைசியில் இரைச்சல் கிழக்கே, எல்லைப் பக்கம் நகர்ந்தது. யூசோ வந்துகொண்டிருக்கும் சாலைப் பக்கம்.

ஹில்லா எழுந்தாள். முட்டியெல்லாம் சேறு. உதடு கிழிந்து ரத்தம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நின்றுகொண்டிருந்த மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகுதான் எஸ்கோ நினைவு வந்தது.

அவர் கயிற்றருகே அப்படியே உட்கார்ந்திருந்தார். விழுந்த மரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் போட்டிருந்தார், அவை வேறு யாருடையவையோ என்பது போல.

"எஸ்கோ." அவள் அவர் முன்னால் மண்டியிட்டாள். "எழுந்திருங்க. இன்னிக்குத் தனியா இருக்க வேண்டாம், எங்க வீட்டுக்கு வாங்க. யூசோ வந்துடுவான். சூப் இருக்கு, குளிக்க சவுனா அறையைச் சூடு பண்றேன். ராத்திரி முழுக்க நாங்க ரெண்டு பேரும் உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கோம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆக விடமாட்டோம். கேக்குதா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று இல்லை.

"ரெண்டு வருஷம்" என்றார். "காத்து வர்ற ஒவ்வொரு ராத்திரியும் விழுந்துடுவேனோன்னு காலைக் கட்டில் பலகையில ஊனிக்கிட்டுத்தான் படுத்திருப்பேன். தனியா வந்து கட்டிப் பார்த்தேன். தோள் தூக்கல. யாரைக் கூப்பிடறது? நீயா கூப்பிட்டே."

"எனக்குப் புரியல எஸ்கோ."

"எனக்குப் பயமா இருந்துச்சு பொண்ணே. அவ்வளவுதான். எனக்குச் சாக ரொம்பப் பயம்."

அவள் சட்டைப் பைக்குள் தொலைபேசி இருந்தது. அது ஒலிக்கவில்லை. எஸ்கோ நெற்றி விளக்கைக் கழற்றி அணைத்தார். இருட்டில் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"நாம கட்டினது என் மரம்."